மலருக்கு: நான் பிரித்துப் போட்ட மோட்டாரைப் பற்றி

மலரு,

வரும் தை மாதம் உனக்குக் கல்யாணம். உன் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு பத்திரிகையில் யார் யார் பெயரைப் போடுவது என்று உன் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். நீ வடகவுஞ்சியில் இருக்கும் உன் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாய். நீ வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எதிரில் நீ இருந்தால் என்னால் இதைச் சொல்ல முடியாது. வாயைத் திறந்த சற்று நேரத்துக்கெல்லாம் உனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவேன். எழுதும்போது கை மெதுவாகப் போகிறது. நடுவில் நிறுத்தி, நான் சொல்வது உண்மைதானா என்று பார்க்க முடிகிறது. இதை வேறு யாராவது படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் நல்லதுதான்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன், கருகிய மோட்டாரில் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவன். அது உனக்குத் தெரியும், ஆனால் அந்தத் தொழில் என்னை என்ன செய்தது என்று நாம் இருவரும் பேசியதில்லை. மன்னவனூரில் கேரட் கழுவும் இடத்து மோட்டார் புகைந்தாலும், வடகவுஞ்சியில் பூண்டுத் தோட்டத்துப் பம்ப்செட் மக்கர் செய்தாலும், ஜீப்பில் ஏற்றி அட்டுவம்பட்டியில் நம் கடை வாசலில்தான் இறக்குவார்கள். மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்ததுமே எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். காலமெல்லாம் அதையே கேட்டுக் கேட்டு, மோட்டாரில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. கோயில் கொடைக்கு ஸ்பீக்கர் எங்கே கட்டுவது என்பதிலிருந்து, உன் அம்மாவின் முழங்கால் வலிக்கு எந்த டாக்டர் என்பது வரை நான்தான் சொல்வேன். வீட்டில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேச நான் இடம் கொடுத்ததில்லை என்பதுதான் சரி.

பிளஸ் டூ முடித்ததும் நீ டிசைன் படிக்க வேண்டும் என்றாய். வடக்கே ஏதோ ஓர் ஊரில் கல்லூரி. நாற்காலி, விளக்கு, பொம்மை என்று கையில் பிடிக்கிற பொருள்களுக்கு வடிவம் வரைகிற படிப்பு. அதற்கென்று நீ வரைந்து வைத்திருந்த படங்களை என் முன்னால் பரப்பினாய். அதில் பாம்பார் அருவிப் பக்கத்துப் பாறை ஒன்றைப் பார்த்து நீ வரைந்திருந்த ஒரு தேநீர்க் கெண்டி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அழகாக இருந்தது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. "எலக்ட்ரிக்கல் எடு தாயி. அதுன்னா எனக்குத் தெரியும், ஒரு சந்தேகம்னா நானே சொல்லிக் குடுப்பேன்" என்றேன். அது உனக்குப் பிடிக்குமா என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதே போதுமான காரணமாக எனக்குத் தோன்றியது. நீ படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாய். திண்டுக்கல்லில் எலக்ட்ரிக்கல் சேர்ந்தாய், நன்றாகவே படித்தாய், கோயம்புத்தூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் உதிரிபாகங்கள் வரைந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்தாய். எல்லாம் நல்லபடியாக நடந்ததால் நான் சொன்னது சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் நீ அந்த மெஷினைச் செய்ய ஆரம்பித்தபோதுதான், அந்தப் பழைய ஆசை உனக்குள் அப்படியே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அலுமினியச் சட்டங்களும் நீளமான திருகுத் தண்டுகளும் பெட்டி பெட்டியாக வந்தன. விறகு போட்டிருந்த பின்னறையைக் காலி செய்தாய். கம்ப்யூட்டரில் வரைந்ததை மரப்பலகையில் தானே செதுக்கும் மெஷின் என்றாய். உன் அம்மா முதல் நாளே அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, "ஏங்க, இது என்னங்க செய்யும்?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "எல்லாம் செய்யும்" என்று சொல்லி வைத்தேன்.

அதிலிருந்த மோட்டார்கள் உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். ஸ்டெப்பர் மோட்டார் என்றாய். நான் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தபோது நீ ஆர்வமாகச் சொன்னாய்: "பம்ப் மோட்டாருக்குக் கரன்ட் குடுத்தா அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்ப்பா. இது அப்படியில்ல. ஒவ்வொரு அடியா எடுத்து வச்சு நடக்கும். கம்ப்யூட்டர் எத்தனை அடி சொல்லுதோ அத்தனை அடி போய் நிக்கும்." பிறகு ஒன்று சேர்த்துச் சொன்னாய்: "ஆனா நடுவுல ஒரு அடி தவறிட்டா அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சரியாத்தான் போயிருக்குன்னு நெனச்சு அடுத்த சோலியப் பாக்கும்." நான் தலையாட்டினேன். சின்னப் பிள்ளை சொல்வதைப் பெரியவர்கள் கேட்டுக்கொள்வது போலக் கேட்டுக்கொண்டேன்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது ஒரு மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமி நடுங்கியது. சுற்றவில்லை. நான் உள்ளே காயில் போய்விட்டது என்றேன். நீ அதிலிருந்து வந்த நான்கு வயர்களையும் கழற்றினாய். இரண்டிரண்டாக முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தண்டை விரலால் சுற்றிப் பார்த்தாய். ஒரு ஜோடியைச் சேர்த்தபோது தண்டு இறுகியது. "இந்த ரெண்டும் ஒரு காயில்ப்பா. மத்த ரெண்டும் இன்னொண்ணு. நான் ஜோடி மாத்திக் குடுத்துட்டேன், அதான் நடுங்குது" என்றாய். மாற்றிக் கொடுத்ததும் தறியின் நாடா போல, மரத்தைச் செதுக்குகிற மெஷினின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. இத்தனை காலம் காயிலோடு வாழ்ந்தவன், வெறும் விரலால் காயிலைக் கண்டுபிடிக்கும் வித்தையை அன்றுதான் பார்த்தேன். உன்னை அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். "ம், பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். கடையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரின் வயர்களை அதேபோல் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். உன் மோட்டாரில் இருப்பது போல அதில் காந்தம் இல்லையே, தண்டு இறுகவில்லை. எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. மகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்ற எரிச்சல் அது. அப்போது அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன்னோடு படித்த கவிதா வந்தாள். அடிவாரத்தில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டி வரப் போவதாகச் சொன்னாள். "மலை ஏறி வர்றதுன்னா என்னன்னு அதுகளுக்குப் புரிய வைக்கணும் மலரு. வளைவு வளைவா பஸ் திரும்புறது மட்டுந்தான் அதுகளுக்குத் தெரியும். கையால தொட்டுப் பாக்குற மாதிரி இந்த மலையச் செஞ்சு தருவியா?" என்று கேட்டாள். உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சில்வர் ஓக் பலகை வாங்கி இழைத்தாய். கம்ப்யூட்டரில் மலையை வரைந்தாய். அதன்மேல் விரல் நுழைகிற அகலத்துக்கு ஒரு பள்ளமாகச் சாலை. வத்தலக்குண்டில் கிளம்பி, மலையேற்றம் தொடங்குகிற காட்ரோட்டைத் தாண்டி, வளைவுகளில் ஏறி, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர் வரைக்கும். ஒவ்வொரு வளைவையும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சரி செய்தாய். அது போல் நீ எந்த வேலையையும் செய்து நான் பார்த்ததில்லை.

மெஷினில் ஒரு கோளாறு மட்டும் மிச்சமிருந்தது. பக்கவாட்டில் போய்வருகிற தலை, சிறிது நேரம் ஓடியபின் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது. நீ ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தாய். நான் அந்தப் பக்கத்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை. "காயில் ஷார்ட் ஆகுது" என்றேன். "இது சூடாத்தான்ப்பா இருக்கும். நிக்கிறப்பவும் இதுல கரன்ட் ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாய். நான் நம்பவில்லை. பம்ப் மோட்டார் சும்மா இருக்கும்போது இப்படிச் சுட்டால் அது போச்சு என்று அர்த்தம். மறுநாள் நீ கொரியர் வாங்க டவுனுக்குப் போனாய். நான் பின்னறைக்குப் போய் அந்த மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். நான்கு ஸ்க்ரூதான். மூடியை எடுத்துவிட்டு உள்ளே சுழலும் ரோட்டாரை இழுத்தேன். வரமாட்டேன் என்றது. காந்தம் பிடித்துக்கொண்டு கிடந்தது. பலம் கொடுத்து இழுத்து வெளியே எடுத்தேன். காயில் புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

திரும்ப மூட்டிக்கொண்டிருந்தபோது நீ வந்துவிட்டாய்.

"அப்பா, அதப் பிரிச்சிட்டீங்களா?"

"பாத்துட்டேன் தாயி. காயில் நல்லாருக்கு. பழுது வேற எங்கயோ கெடக்கு."

நீ கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாய். "இந்த மோட்டாரப் பிரிக்கக் கூடாதுப்பா. ரோட்டார வெளிய எடுத்தா காந்தத்தோட பலம் கொறஞ்சிரும். செஞ்சவங்களே எழுதியிருக்காங்க. திரும்ப மூட்டினாலும் பழைய பலம் வராது."

நான் சிரித்தேன் மலரு. கடையில் அப்போது பூம்பாறைக்காரர் ஒருவர் தன் மோட்டாருக்காகக் காத்திருந்தார். அவர் முன்னால் சிரித்தேன். "காந்தம் எங்க எந்திரிச்சு ஓடிப் போயிருமா? நான் பிரிக்காத மோட்டாரா?" என்றேன். அவரும் சிரித்தார். நீ மோட்டாரை வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

சாயங்காலமே நீ உண்மையான பழுதைக் கண்டுபிடித்துவிட்டாய். மோட்டாரையும் திருகுத் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கில் ஒரு பொடி ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. மோட்டார் சரியாகத்தான் நடந்திருக்கிறது, தண்டுதான் அவ்வப்போது அதோடு போகாமல் நழுவியிருக்கிறது. ஒரு திருகுத் திருகினால் தீர்ந்துபோகிற வேலை. அதன்பின் தலை கிளம்பிய இடத்துக்கே சரியாகத் திரும்பி வந்தது. "பாத்தியா, மோட்டார்ல ஒண்ணுமில்ல" என்றேன். நீ போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். "எதுக்கும் புதுசு ஒண்ணு வரவழைச்சிரலாம்ப்பா. பிள்ளைக வர்றதுக்குள்ள வந்துரும்" என்றாய். "எதுக்கு? நான் சொல்றேன்ல, இது ஓடும். என் மேல நம்பிக்க இல்லையா?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு ஒரு மகள் என்ன பதில் சொல்வாள்? நீ போனைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். "சரிப்பா" என்றாய். மோட்டாரைச் செய்தவர்கள் எழுதியது போனில் உன் கையிலேயே இருந்தது. நீ அதை நம்பாமல் என்னை நம்பினாய். என்னை அவமானப்படுத்தியவர்கள் உண்டு, ஏமாற்றியவர்கள் உண்டு. அதெல்லாம் மறந்துபோகிறது. நீ என்னை நம்பியதைத்தான் மறக்க முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கரன்ட் வருவதும் போவதுமாக இருந்ததில் நாள்கள் போயின. பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள்தான் தடையில்லாமல் கரன்ட் இருந்தது. வெள்ளனே எழுந்து பலகையை மாட்டினாய். மோட்டாரின் பலத்தில் உனக்குச் சந்தேகம் இருந்ததால் அதற்குப் போகிற கரன்டைக் கொஞ்சம் கூட்டினாய், வேகத்தைக் குறைத்தாய். மெஷின் பலகையின் அடியிலிருந்து வரிவரியாகச் செதுக்கிக்கொண்டே மேலே ஏறியது. வத்தலக்குண்டு வந்தது, காட்ரோடு வந்தது, வளைவுகள் வந்தன. நான் கடையிலிருந்து அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தேன். மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனதைப் பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், மரம் கடினமாக இருந்த ஏதோ ஓர் இடத்தில், அந்த மோட்டாரால் தள்ள முடியாமல் போயிருக்கிறது. சில அடிகள் தவறிவிட்டன. மெஷினுக்கு அது தெரியாது. தள்ளி நின்றுகொண்டே மீதி மலையையும் செதுக்கி முடித்துவிட்டது.

மரத்தூளைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது பெருமாள்மலைக்குச் சற்றுக் கீழே மலை அப்படியே கட்டைவிரல் அகலத்துக்கு விலகியிருந்தது. சாலை அங்கே முட்டி நின்றது. மேலே அதே சாலை தள்ளிப்போய் வேறோர் இடத்தில் தொடங்கியது. வேறு பலகை இல்லை, நேரமும் இல்லை. நீ அழவில்லை. உளியை எடுத்து வந்தாய். இரண்டு முனைகளையும் கையால் குடைந்து சேர்க்கப் பார்க்கிறேன் என்றாய். அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றாமல்: "விடு தாயி. கண்ணு தெரியாத பிள்ளைக. இது யாருக்குத் தெரியப் போகுது? உளி பட்டுச் சிலும்பாகி விரல்ல குத்திரப் போகுது."

நீ உளியைக் கீழே வைத்தாய்.

மறுநாள் காலை அந்தப் பலகையை நாம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் தங்கியிருந்த விடுதிக்குப் போனோம். சாப்பாட்டுக்கூடத்து மேஜையில் வைத்தோம். ஸ்வெட்டரும் குல்லாயுமாகப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கவிதா ஒவ்வொருவராக வரச் சொன்னாள். முதலில் வந்தவள் அபி. பத்து வயதிருக்கும், முன்பல் விழுந்திருந்தது. கவிதா அவள் சுட்டுவிரலைப் பிடித்து வத்தலக்குண்டில் வைத்தாள். அதன்பின் அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

"இது நேராப் போகுது... இங்க திரும்புது... இங்கதான டீச்சர் நான் சரவணன் மேல சாஞ்சேன்! இந்த வளைவுலதான் கார்த்திக் வாந்தி எடுத்தான்!" பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் விரல் ஏறிக்கொண்டே போனது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் போய் முட்டி நின்றது. திரும்பக் கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி ஏறி வந்து அதே இடத்தில் நின்றது.

"அக்கா, ரோடு அறுந்து கெடக்கு" என்றாள். அவள் முகத்தை உன் பக்கம் திருப்பி, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டாள்: "அப்ப நாங்க எப்பிடி வந்தோம்?"

"அது என் தப்புடா குட்டி. செதுக்கும்போது மெஷின் வழுக்கிருச்சு. அக்கா சரியாப் பாக்கல" என்றாய்.

நான் உனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். அந்தப் பிள்ளைகளுக்கு என்னை யாரென்றே தெரியாது, என் மதிப்பு அங்கே குறைந்துவிடப் போவதுமில்லை. ஆனாலும் வாய் வரவில்லை. அபி சும்மா இருக்கவில்லை. இரண்டு கைகளையும் பலகை மேல் விரித்துத் தடவிக்கொண்டே போய், விலகிக் கிடந்த சாலையைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். "இங்கருக்கு! தள்ளிப் போய்க் கெடக்கு!" என்று கத்தினாள். யாருக்கும் தெரியாது என்று நான் சொன்ன தப்பை, நான் நினைத்ததைவிட வெரசாக, எந்தக் கண்ணுள்ளவனையும்விடச் சரியாக அவள் கண்டுபிடித்தாள். மற்ற பிள்ளைகளும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள். நீ குனிந்து அவர்களுடைய விரல்களைப் பிடித்து ஒவ்வொருவருக்கும் வழி காட்டினாய். நான் வெளியே வந்து, மூடுபனியில் தெரியாத ஏரிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த மலைல வோல்டேஜே சரியில்ல. லோ வோல்டேஜ்ல எந்த மெஷினா இருந்தாலும் இப்பிடித்தான் செய்யும்" என்றேன். அதற்கும் நீ "சரிப்பா" என்றாய். அந்த மெஷினுக்கு வீட்டு வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினால் ஒன்றும் ஆகாது, அதன் பவர் சப்ளை பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நீயே முன்பு விளக்கியிருக்கிறாய். அதை நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். மறக்கவில்லை.

அடுத்த வாரம் நீ என்னிடம் சொல்லாமலே புது மோட்டாரை வரவழைத்து மாட்டினாய். இரண்டாவது மலையைச் செதுக்கினாய். சாலை எங்கும் அறுபடாமல் மன்னவனூர் வரைக்கும் போனது. நீ ஆபீஸ் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்த ஒரு பகலில் நான் பின்னறைக்குப் போனேன். கப்ளிங்கைக் கழற்றி, மெஷினுக்குக் கரன்ட் கொடுத்து, புது மோட்டாரின் தண்டை விரலால் திருப்பிப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. கரன்டை நிறுத்திவிட்டு, நான் பிரித்த பழைய மோட்டாரை அதே இடத்தில் கொடுத்து, மறுபடி கரன்ட் போட்டுத் திருப்பினேன். கொஞ்சம் எதிர்த்தது, பிறகு என் விரலோடு வந்துவிட்டது. நீ கடை வாசலில் நின்று சொன்னது அவ்வளவும் உண்மை. இத்தனை வருஷம் மோட்டாரோடு இருந்தவனுக்கு அதைப் புரிந்துகொள்ள இரண்டு விரலும் கொஞ்ச நேரமும் போதுமாக இருந்தது. அன்றைக்கே அதைச் செய்து பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை.

உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவதான் அன்னைக்கே சொன்னாளேங்க. நீங்கதான் காது குடுக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் இப்பிடித்தான் பலது இருக்கு" என்றாள். என்ன என்று கேட்டேன். "இனிமே எதுக்கு" என்று எழுந்து போனாள். அவள் முழங்காலைப் பற்றி இப்போது அவளையே கேட்கிறேன். சில நாள் சொல்கிறாள், சில நாள் சொல்வதில்லை. கேட்காமல் கழித்த வருஷங்களை ஒரே நாளில் கேட்டுத் தீர்த்துவிட முடியாது போல.

இரண்டாவது பலகையை எடுத்துக்கொண்டு நாம் பஸ்ஸில் அடிவாரத்துக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நானே வருகிறேன் என்று வந்தேன். ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. அபியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உன்னிடம் சொல்வதைவிட அந்தச் சின்னப் பிள்ளையிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். கவிதா வாசலுக்கே வந்து பலகையை வாங்கிக்கொண்டாள். அபியைப் பற்றிக் கேட்டேன். அவள் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, குடும்பத்தோடு போய்விட்டார்கள், அங்கே ஏதோ பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்றாள். கொடுத்துவிட்டுப் போன நம்பர் இப்போது வேலை செய்யவில்லை என்றாள். மற்ற பிள்ளைகள் சாலை முழுவதையும் தடவிப் பார்த்துக் கொடைக்கானல் வந்துவிட்டது என்று கைதட்டினார்கள். நீயும் கைதட்டினாய். திருப்பூரில் எங்கோ ஒரு பிள்ளையின் விரலில் நம் மலைச்சாலை இன்னும் அறுந்தே கிடக்கிறது. அதைச் சரி செய்ய என்னிடம் எந்த வழியும் இல்லை.

இவ்வளவையும் இப்போது எழுத வேண்டிய அவசியம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை பிரபு வந்திருந்தார். நீங்கள் இருவரும் பின்னறையில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் டீ எடுத்துக்கொண்டு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கோயம்புத்தூரில் அந்தத் தொழிற்சாலையிலேயே நேரில் போய் வேலை பார்ப்பதா, இல்லை இந்த மெஷினை வைத்துத் திண்டுக்கல்லில் சொந்தமாகப் பட்டறை போட்டு, இது போலத் தொட்டுப் படிக்கிற பலகைகள் செய்வதா என்று அவர் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதுவானாலும் தனக்குச் சம்மதம் என்றும் சொன்னார். அதற்கு நீ, "அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேங்க. அவர் சொன்னா சரியா இருக்கும்" என்றாய். டீயைக் கொடுத்துவிட்டு நான் போய்விட்டேன். அன்று சாயங்காலம் நீ என்னிடம் வந்து கேட்டபோது, வேலையிருக்கிறது, அப்புறம் பேசலாம் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டாய். கோபம் இல்லை மலரு. பயம்.

அதற்கான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. பட்டறை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அது பட்டறையைப் பற்றித் தெரிந்ததால் வருகிற பயம் அல்ல, எனக்குத் தெரியாத எதைப் பார்த்தாலும் எனக்கு வருகிற பயம். கோயம்புத்தூர் நல்லது என்று வாய் சொல்ல வருகிறது. அதற்கு நான் வைத்திருக்கிற காரணங்களை எண்ணிப் பார்த்தால், எல்லாம் என்னைப் பற்றிய காரணங்களாகத்தான் இருக்கின்றன. மாப்பிள்ளை நல்லவராகத் தெரிகிறார். அவரும் ஒரு நாள், அன்பாகவே, "நான் சொல்றேன்ல" என்று சொல்லக்கூடும். அப்போது உன் கையில் இருப்பதை ஒரு தடவை பார். நீ சோதித்துப் பார்த்தது எது, அவர் சோதித்துப் பார்த்தது எது என்று கேள். கேட்பதால் அன்பு குறைந்துவிடாது. நான் அப்படிக் கேட்க விடாமல் உன்னை வளர்த்ததுதான் எனக்கு இப்போது வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அவசரமில்லை. முடிவு செய்தபின் என்னிடம் வந்து சொல். அது எனக்குப் பிடிக்காததாக இருந்தால் என் முகத்தில் தெரிந்துவிடும், இந்த வயதில் அதை மறைக்க எனக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவை மாற்றிக்கொள்ளாதே.

உன் அப்பா